நாராயணசாமி அமிலம்

எங்க புரொபசர் நாராயணசாமிக்கு ஒரு ஆளத் திட்டணும்னா ஒரே வார்த்ததான் தெரியும். விளக்கெண்ணெ. பியூன் கொண்டாந்த டீ ஆறிப்போயிருந்தா பியூன் விளக்கெண்ணெ. பஸ்சு லேட்டா வந்தா டிரைவரு விளக்கெண்ணெ. பரீட்சையில கம்மியா மார்க் வாங்கினவனும் விளக்கெண்ணெ, இவர விட ஜாஸ்தியா வாங்கிக்கினு அமெரிக்கா போய் உக்காந்த கூட்டாளியும் விளக்கெண்ணெ. எங்க அத்தா, அதாவது அப்பா, காஜா கள்ளக்குறிச்சியில எண்ணெக்கட வெச்சிருந்தாரு. நான் விளக்கெண்ணெய டின்னு டின்னா பாத்து வளந்தவ. அவரு திட்றதக் கேக்கறப்ப எல்லாம் எனக்கு அந்த எண்ணெ மேலதான் பாவமா இருக்கும்.

எம்பத்தேழாம் வருஷம் அது. நானும் தமிழ்வேந்தனும் மெட்ராஸ்ல அவருகிட்ட டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தோம். தமிழ்வேந்தனுக்கு ஊரு நைனார்பாளையம். அவங்கம்மா இருசம்மாள் ஊரார் நெலத்துல களையெடுத்து இவனப் படிக்க வெச்சவங்க. இவனுக்கு வர்ற உதவித்தொகையிலதான் அந்த வூட்ல அடுப்பு எரிஞ்சிது. அவன் இடம் போச்சின்னா படிப்பும் போச்சி, அடுப்பும் போச்சி. நாங்க ரெண்டு பேருமே கோட்டாவுல வந்தவங்க. புரொபசருக்கு அது தொண்டையில மாட்டின முள்ளு. "இந்த நாட்ல மெரிட் செத்துப்போச்சுய்யா"ன்னு காலங்காத்தால ஆரம்பிச்சிருவாரு. அவரோட மெரிட்டப் பத்தித்தான் சொல்ல வரேன், பொறுங்க.

எங்க வேல இன்னான்னா, பழைய ஏரி மண்ணுல தங்கியிருக்கற கொழுப்ப ஆராயறது. ஏரியில பாசி சாவுது, எல விழுது, பூச்சி விழுது. எல்லாம் அடியில போயி சேறாவுது. ஒடம்பு மக்கிப்போனாலும் அதுங்களோட கொழுப்புல கொஞ்சம் மண்ணோட ஒட்டிக்கினு ஆயிரக்கணக்கான வருஷம் கெடக்கும். அதத்தான் கொழுப்பமிலம்னு சொல்றது. கரி அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்த சங்கிலி. சங்கிலி குட்டையா இருந்தா பெரும்பாலும் பாசி, நீட்டா இருந்தா கரையில நின்ன மரத்தோட எல. எது ஜாஸ்தின்னு பாத்தா அந்தக் காலத்துல ஏரி எப்பிடி இருந்துச்சின்னு ஒருவாறு சொல்லலாம்.

இத எங்க அத்தாகிட்ட சொன்னேன். "மண்ணுலேருந்து எண்ணெ எடுக்கறீங்களா? மூட்டைக்கு எத்தினி டின்னு எறங்கும்?"ன்னு கேட்டாரு.

"ஒரு சொட்டு கூட வராது அத்தா."

"அப்ப எதுக்கும்மா கவர்மென்ட்டு உங்கள வெச்சிக்கினு இருக்குது?" நெசமாவே கவலப்பட்டாரு மனுசன்.

மே மாசம் கல்வராயன் மலைக்குப் போனோம். கரியாலூருக்கு மேல கோரை மண்டின ஒரு பள்ளம் இருக்குது. ஒரு காலத்துல அது ஏரி. தமிழ்வேந்தனும் மலையூரு ஆளுங்க ரெண்டு பேரும் இரும்புக் குழாய அந்தச் சேத்துல அடிச்சி எறக்கினாங்க. மேல இழுத்து, முறுக்கு அச்சுல மாவு தள்ற மாதிரி கோல வெச்சித் தள்ளினா, கன்னங்கரேர்னு மண்ணு உருளையா வெளிய வரும். மேல் நுனி போன வருஷத்து மண்ணு. கீழ் நுனி ஆறாயிரம் வருஷத்து மண்ணுன்னு புரொபசரு சொன்னாரு.

இந்த வேலைக்கு எமன் மனுசன் கைதான். நம்ம விரல்ல எப்பவும் ஒரு எண்ணெப் பிசுக்கு இருக்குது. அது மண்ணுல பட்டா ஆறாயிரம் வருஷத்துக் கொழுப்போட நேத்து சாப்பிட்ட வடையோட கொழுப்பும் கலந்து பூடும். அதனால கையால தொடக் கூடாது, கழுவின இடுக்கியாலதான் எடுக்கணும்னு எல்லா புத்தகத்துலயும் இருக்குது. புரொபசரும் படிச்சிருந்தாரு. அவருக்குப் புரிஞ்சது இன்னான்னா, மத்தவங்க தொடக் கூடாது, அவரு தொடலாம்.

"உங்க கையெல்லாம் எண்ணெக் கை. கொழம்புல முக்கின கை. தள்ளி நில்லுங்க"ன்னாரு. தமிழ்வேந்தன் குழாயத் தூக்கிப் புடிக்கணும், கோலத் தள்ளணும், ஆனா வெளிய வர்ற மண்ணு கிட்ட வரக் கூடாது. "டேய் விளக்கெண்ணெ, உன் நெழல் கூட இதுல படக் கூடாது."

"நெழல்ல கொழுப்பு இருக்குதுங்களா சார்?"ன்னு தமிழ்வேந்தன் கேட்டான். அமைதியாத்தான் கேட்டான்.

"பேச்சுல இருக்குடா உனக்கு"ன்னாரு.

அப்பிடியே ரெண்டு உள்ளங்கையையும் நீட்டி, பொறந்த கொழந்தைய வாங்கற மாதிரி அந்த மண்ண வாங்குவாரு. நாங்க எல்லாம் பத்தடி தள்ளி நின்னு வேடிக்க பாக்கணும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழாயாலயே ஒண்ணு வெக்கணும் போல இருந்துச்சி. எங்க வெக்கறது? என் பட்டத்துக்குக் கையெழுத்து அவருதான போடணும். பல்லக் கடிச்சிக்கினு நின்னேன்.

ஒண்ண சொல்ல வுட்டுட்டேன். மலைன்னா குளுகுளுன்னு இருக்கும்னு நெனச்சி வந்தவருக்கு வெயிலு ஒத்துக்கல. ஒடம்பு சூடுன்னு ஒரே பொலம்பல். வூட்டம்மா குடுத்தனுப்பிச்ச விளக்கெண்ணெ பாட்டலு பஸ்லயே ஒடஞ்சி பூடுச்சாம். "உங்கப்பா கடையில ஒண்ணு அனுப்பச் சொல்லும்மா. எண்ணெக்கடப் பொண்ணுக்கு சீட்டு குடுத்ததுல இந்த ஒரு லாபமாச்சும் இருக்கட்டும்"னு சிரிச்சாரு. எங்க அத்தாவும் வெள்ளந்தியா, மலை ஆமணக்குல காய்ச்சின நல்ல எண்ணெயா பாத்து, மலைக்கு வர்ற பஸ்லயே குடுத்தனுப்பிச்சாரு.

மெட்ராசுக்கு வந்து அந்த மண்ணுல இருந்த கொழுப்பப் பிரிச்சி மெஷின்ல ஓட்டினோம். மெஷினு ஒரு காயிதத்துல கோடு போட்டுக்கினே போவும். ஒவ்வொரு அமிலத்துக்கும் ஒரு சிகரம் எழும்பும். சின்னச் சின்ன சிகரத்துக்கு நடுவுல கோயில் கோபுரம் மாதிரி ஒண்ணு எழும்பிச்சி. பாசியிலயும் இல்லாத, எலையிலயும் இல்லாத ஒரு அமிலம். எந்த ஆழத்து மண்ண ஓட்டினாலும் அது அங்க நிக்குது. புரொபசரு குதிச்ச குதிய நீங்க பாத்திருக்கணும்.

"அழிஞ்சிபோன ஒரு பாசி! உலகத்துல யாரும் பாக்காத பாசி!" ஏரிப் பாசியப் பத்தின புத்தகத்த எல்லாம் வரவழைச்சிப் பாத்தாரு. ஒண்ணுலயும் அந்த அமிலம் இல்ல. நான் மெதுவா, "எண்ணெ வித்து புத்தகத்துலயும் ஒரு தடவ பாத்துரலாமா சார்"னேன். "அதெல்லாம் சோப்பு கம்பெனிக்காரன் படிக்கறது"ன்னு ஒதுக்கித் தள்ளிட்டாரு. அப்பறம் ஒரு நாளு சாக்பீஸ எடுத்து கரும்பலகையில அவரே எழுதினாரு: நாராயணசாமி அமிலம். வெக்கமே இல்லாம அடியில ரெண்டு கோடு வேற போட்டாரு.

செப்டம்பர் மொத வாரத்துல, எங்க ஆராய்ச்சிக்கு நிதி குடுக்கற ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா பெங்களூர்லேருந்து பாக்க வந்தாங்க. கன்னடக்காரங்க, பெரிய படிப்பு, தமிழு தட்டித் தடவிப் பேசுவாங்க. புரொபசரு மேடையேறி நெஞ்ச நிமித்திக்கினு, "இந்த மண்ணை என் கையைத் தவிர எந்தக் கையும் தொடலை"ன்னு ஆரம்பிச்சி அரை மணி நேரம் அளந்தாரு. அந்தம்மா கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"மேல இருக்கற மண்ணிலயும் அதே உயரம், கீழ இருக்கற மண்ணிலயும் அதே உயரம். ஆறாயிரம் வருஷம் ஒரு பாசி ஏறாம, எறங்காம இருக்குமா? இது கைப்பிசுக்கு இல்லையே?"

புரொபசரு மூஞ்சி செத்துப்போச்சி. சுத்திப் பாத்தாரு, கடைசி வரிசையில உக்காந்திருந்த தமிழ்வேந்தன் மேல கண்ணு போய் நின்னுச்சி. "இதோ, இந்தப் பையன்தான் குழாய் புடிச்சான். தலையில எண்ணெ சொட்ட சொட்ட வச்சிக்கிட்டு குனிஞ்சிருப்பான். நாங்க என்ன பண்றது மேடம், இப்பெல்லாம் இப்பிடிப்பட்டவங்களைத்தான் அனுப்பறாங்க."

தமிழ்வேந்தன் சுருட்ட முடிக்காரன். அவன் தலையில எண்ணெ வெச்சி நான் பாத்ததே கெடையாது. எழுந்து நின்னான், அப்பிடியே உக்காந்துட்டான். மறுபடியும் வந்து விசாரிக்கறேன்னு சொல்லிட்டு அந்தம்மா போய்ட்டாங்க.

அப்பறம்தான் மறியலு. நான் எங்க மாமா பொண்ணு பௌசியா கல்யாணத்துக்கு லீவு கேட்டுக்கினு கள்ளக்குறிச்சி வந்திருந்தேன். தமிழ்வேந்தன் அவங்கம்மாவுக்குக் காய்ச்சல்னு நைனார்பாளையம் போயிருந்தான். தனி ஒதுக்கீடு கேட்டு அவன் சனங்க மாவட்டம் பூரா ரோட்ல எறங்கிட்டாங்க. புளிய மரத்த வெட்டிக் குறுக்க சாய்ச்சி, பாலத்த ஒடச்சி, ஒரு பஸ்சு நவுரல. எலவனாசூர்கோட்டை பக்கம் லாரிங்க வரிசையா நின்னு பூடுச்சி. துப்பாக்கிச் சூடு, சாவுன்னு சேதி வந்துக்கினே இருந்துச்சி. கூலி வேலைக்குப் போற சனங்க, வூட்டுக்கு ஒரு உத்தியோகம் கேட்டு செத்தாங்க.

கடை போனுக்கு புரொபசரு கூப்ட்டாரு. "நீ பத்திரமா வீட்லயே இரும்மா, ரோடு சரியானதும் வந்தாப் போதும்"னாரு. தேன் ஒழுகுச்சி.

"தமிழ்வேந்தனும் மாட்டிக்கினான் சார். அவங்கம்மாவுக்கு..."

"அவன் மாட்டிக்கல, மரம் வெட்டிட்டு இருப்பான். சாம்பிளைக் கெடுத்தது ஒண்ணு, சொல்லாம மறியலுக்குப் போனது ரெண்டு. அடுத்த வாரம் அந்த அம்மா வர்றாங்க, அவங்க முன்னாலயே அவனை வெளிய அனுப்பறேன். ப்ராஜெக்ட்டுக்கும் கெட்ட பேரு போயிரும்."

போன வெச்சிட்டேன். ஒரே ஊரு பக்கம், ஒரே மறியலு, ரெண்டு பேருக்கும் லீவு அவருதான் குடுத்தாரு. நான் மாட்டிக்கின பொண்ணு, அவன் மரம் வெட்டறவன். த்தூ! இவரெல்லாம் மனுசனான்னு வாய்விட்டே சொன்னேன். எங்க அத்தா திரும்பிப் பாத்து, "யாரம்மா திட்ற?"ன்னாரு.

அந்நேரம் கடைக்கு ஒரு லாரி டிரைவரு வந்தாரு. பேரு பாவாடை. லாரியிலயே நாள்கணக்கா உக்காந்து கண்ணெல்லாம் கோவப்பழமாட்டம் செவந்து கெடந்துச்சி. "பாய், ஒடம்பு கொதிக்குது. தொப்புளுக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெ ஊத்துங்க"ன்னாரு. அத்தா ஊத்தினாரு. அவரு அங்கியே சட்டையத் தூக்கி தொப்புள்ல தடவினாரு, உள்ளங்கால்ல தடவினாரு, "அப்பாடா"ன்னு ஒரு மூச்சு வுட்டுட்டு, கைய லுங்கியில தொடச்சிக்கினு தராச மேல ஊனிக்கினு நின்னாரு.

"யோவ் யோவ், தராசத் தொடாதய்யா! விளக்கெண்ணெக் கை, லேசுல போவாது. அப்பறம் சக்கர போட்டா சக்கர ஒட்டும், ரவ போட்டா ரவ ஒட்டும். நான் நாள் பூரா தேய்க்கணும்"னு அத்தா கத்தினாரு.

எனக்குப் பொறி தட்டிச்சி. கண்ணு முன்னால கரியாலூரு பள்ளம் அப்பிடியே வந்து நின்னுச்சி. காலையில அத்தா அனுப்பிச்ச பாட்டல்ல இருந்து தொப்புளுக்கும் பாதத்துக்கும் தடவிக்கினு வருவாரு நம்ம மேதை. எங்க முன்னாடி பெரிய பூச பண்ற மாதிரி விரல கொழுப்பெடுக்கற கரைப்பான்ல முக்கி எடுப்பாரு. குழாய் மேல வர்ற வரைக்கும் சும்மா நிக்க முடியாம, முக்கி எடுத்த அதே கையால பனியனுக்குள்ள வுட்டு தொப்புளச் சொறிவாரு. அப்பறம்தான் ரெண்டு கையையும் நீட்டி ஆறாயிரம் வருஷத்து மண்ண வாங்கினது. யா அல்லா! நான் சிரிச்ச சிரிப்புல பாவாடையண்ணன் பயந்துட்டாரு.

ரோடு தெறந்ததும், அந்த எண்ணெயிலயே ஒரு சின்ன பாட்டலு எடுத்துக்கினு மெட்ராசுக்கு ஓடினேன். விளக்கெண்ணெய மெஷின்ல ஓட்டினேன். நாராயணசாமி அமிலம் எந்த எடத்துல எழும்பிச்சோ அதே எடத்துல எழும்பிச்சி. தேங்காயெண்ணெய ஓட்டினேன். அது வேற ஜாதகம், கிட்டக்கூட வரல. மீதியிருந்த மண் உருளைய நடுவுல பொளந்து, யாரு கையும் படாத உள் மண்ண கழுவின இடுக்கியால எடுத்து ஓட்டினேன். அங்க அந்த கோபுரத்தக் காணோம். சின்ன சிகரங்க மட்டும் தெளிவா, வரிசையா நின்னுச்சி. நெசமான ஏரி அதுதான். மண்ணுக்குள்ள போவல இவரோட கண்டுபிடிப்பு, தோல் மேலதான் ஒட்டிக்கினு கெடந்துச்சி.

விசாரண அன்னிக்கு தமிழ்வேந்தன் பெட்டியக் கட்டி எடுத்தாந்து வெளிய வராண்டாவுல வெச்சிருந்தான். "இன்னாத்துக்குப் பொட்டியக் கட்டின?"ன்னேன்.

"போவச் சொன்னா போய்த்தான ஆவணும். நீ ஒண்ணும் பேசாத ஷாஜாதி. உனக்கும் அந்தாளுதான் கையெழுத்துப் போடணும்."

"போடட்டும், போடாமப் போவட்டும். நீ வா உள்ள"ன்னேன். எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான். கையெழுத்து கெடைக்கலன்னா நானும் கடையில உக்காந்து எண்ணெ அளக்க வேண்டியதுதான்.

உள்ள அந்த பெங்களூரம்மா, எங்க டிபார்ட்மென்ட் தலைவரு, புரொபசரு. டீ குடுக்க பியூன். புரொபசரு குற்றப் பத்திரிகைய வாசிச்சி முடிச்சாரு: பையன் எண்ணெத் தலையோட சாம்பிளக் கெடுத்தான், மறியலுக்கு ஓடினான். நான் எழுந்து என் காயிதங்கள மேசமேல வரிசையா விரிச்சேன். இது நம்ம மண்ணு. இது தலைக்கு வெக்கற தேங்காயெண்ணெ, பொருந்தல. இது இன்னொரு எண்ணெ, அச்சா பொருந்துது. இது யாரும் தொடாத உள் மண்ணு, அதுல இந்த எண்ணெ இல்ல.

அந்தம்மா கண்ணாடியக் கழட்டி கிட்ட வெச்சிப் பாத்தாங்க. "பொருந்தற எண்ணெய் எது?"

"விளக்கெண்ணெய்ங்க மேடம்."

பியூன் கையில இருந்த தட்டு ஆடிச்சி. புரொபசரு அதுக்குள்ள துள்ளி எழுந்துட்டாரு. "பாத்தீங்களா, எண்ணெ! நான் சொன்னேனா இல்லையா? இவன் கைதான்!"

"சார், தமிழ்வேந்தன் நெழல் கூட படக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? தொட வுட்டீங்களா அவன?"

"அது வந்து..."

அந்தம்மா என்னப் பாத்தாங்க, அவரப் பாத்தாங்க. "என் கையைத் தவிர எந்தக் கையும் தொடலைன்னு போன தடவ நீங்க மேடையில சொன்னீங்க. நான் கேட்டேன்." அப்பறம் அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல, ரொம்ப மரியாதையா, ரொம்பப் பொறுமையா கேட்டாங்க: "அப்போ இங்கே விளக்கெண்ணெய் யாரு?"

யாருதுன்னு கேக்க வந்தாங்க. அந்த ஒரு எழுத்து அவங்களுக்கு வரல. தலைவரு, பியூன், நான், எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே ஆளப் பாத்தோம். தலைவரு கைக்குட்டைய வாயில வெச்சிக்கினு இருமறாப்பல ஜன்னல் பக்கம் போய்ட்டாரு. புரொபசருக்கு அனிச்சையா கை தொப்புள் பக்கம் போச்சி, பாதியிலயே நின்னுச்சி.

தமிழ்வேந்தன் இடம் தப்பிச்சிது. மன்னிப்புன்னு ஒரு வார்த்த அவன்கிட்ட யாரும் கேக்கல. கேப்பாங்கன்னு அவனும் நெனைக்கல, பொட்டியத் தூக்கிக்கினு ஹாஸ்டலுக்குப் போனான். என்ன வேற ஒரு வழிகாட்டிகிட்ட மாத்தி வுட்டாங்க. புரொபசரப் பத்திக் கவலப்படாதீங்க, அவருக்கு ஒண்ணும் ஆவல. மறு வருஷமே டெல்லி மாநாட்டுல "களப்பணியில் எண்ணெய்க் கலப்பு: ஓர் எச்சரிக்கை"ன்னு ஒரு கட்டுர வாசிச்சிட்டு கைதட்டு வாங்கிக்கினு வந்தாரு. அவரோட மெரிட்டு அது.

டெல்லிக்குப் போய் வந்த தெம்பு போல, ஒரு நாளு ஆய்வுக்கூடத்துக்குள்ள வந்தாரு. தமிழ்வேந்தன் முதுகக் காட்டிக்கினு, இடுக்கியால மண்ண எடுத்துக் குப்பியில போட்டுக்கினு இருந்தான். நான் பக்கத்து மேசையில இருந்தேன். இன்னாத்துக்கோ கோவம் அவருக்கு. "டேய், விளக்..."ன்னு ஆரம்பிச்சாரு. என்னப் பாத்துட்டாரு. வார்த்த வாயில பாதியிலயே நின்னு பூடுச்சி.

தமிழ்வேந்தன் திரும்பவே இல்ல. குப்பிய மூடிக்கினே, ரொம்பப் பணிவா சொன்னான்:

"கெண்ணெய்ங்க, சார்."